பெயரைச் சொன்னீர்கள், பதத்தையும் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கற்பனை உலக மினியேச்சர்களுக்கு வண்ணம் தீட்டும் பொழுதுபோக்கு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தோம். 28 முதல் 32 மி.மீ. உயரமே உள்ள ஆர்க் என்னும் கற்பனை அரக்கர்களுக்கும் எலும்புக்கூட்டு வீரர்களுக்கும் ஒரு நாளிதழ் முழுப்பக்கம் ஒதுக்கியதில் மகிழ்ச்சிதான். ஆனால் 'புதிய உத்திகளை முயன்று பாருங்கள்' என்ற பெட்டிச் செய்தியில் கிளேஸிங், வெட் பிளெண்டிங், ஆயில் வாஷ் என்று பெயர்கள் வரிசையாக வந்தனவே தவிர, எதற்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் காய வேண்டும், எதன் மேல் எது போகலாம் என்று ஒரு வரிகூட இல்லை. அந்தப் பெயர்களை மட்டும் நம்பி இறங்குகிறவர் முதல் உருவத்திலேயே கையைச் சுட்டுக்கொள்வார். 'நமக்கு இது வராது' என்று தூரிகையை எடுத்து வைத்துவிடுவார். பெரும்பாலும் கோளாறு கையில் இருப்பதில்லை. பெயின்ட்டில் கலந்த நீரிலோ, காயாத அடிப்பூச்சிலோ, மாறிப்போன வரிசையிலோதான் இருக்கும். விட்டுப்போனதைச் சேர்த்து எழுதுகிறோம்.

முதலில், எதில் முயல்வது? ஆசையாக வாங்கிய டிராகனில் வேண்டவே வேண்டாம். பிளாஸ்டிக் கரண்டி ஒன்றின் முதுகில் பிரைமர், அதாவது பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு, அடித்தால் அருமையான பயிற்சித் தளம் கிடைத்துவிடும். வளைவான, வழவழப்பான பரப்பு என்பதால் நிறம் நிறத்தோடு கரைவதைப் பழக அது போதும். ஆனால் கரண்டிக்கு விளிம்பும் பள்ளமும் கிடையாது. விளிம்பில் வெளிர் கோடு இழுக்கும் எட்ஜ் ஹைலைட் பழக, பாகங்கள் கோத்து வரும் பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத்தை வைத்துக்கொள்ளுங்கள். புது உத்தி, புது பெயின்ட், புது தூரிகை மூன்றையும் ஒரே நாளில் இறக்கினால் எது காலை வாரியது என்று தெரியாது. ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

'கிடைப்பதிலேயே சிறிய தூரிகையை வாங்குங்கள்' என்று கட்டுரை சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை. 000 எண் தூரிகையின் முடிக்கற்றை ஒரு துளியைக்கூடத் தாங்காது. உருவத்தின் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோவதற்குள் நுனியில் பெயின்ட் காய்ந்துவிடும். பிறகு அழுத்துவோம், அழுத்தினால் கோடு தடிக்கும். நுனி கூராகச் சேரும் 1 அல்லது 2 எண் தூரிகை, முடிந்தால் கோலின்ஸ்கி சேபிள் என்னும் விலங்கு முடித் தூரிகை, முகத்துக்கும் மேலங்கிக்கும் இரண்டுக்குமே போதும். முடிக்கற்றையின் வயிற்றில் ஈரம் இருக்கும், நுனி மட்டும் வேலை செய்யும். முடியின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் பெயின்ட்டில் முக்காதீர்கள். உலோகக் கழுத்துக்குள் பெயின்ட் புகுந்து காய்ந்தால் முடி விரிந்துவிடும், பிறகு எந்த சோப்பும் அதைச் சேர்க்காது. உதட்டில் வைத்து நுனியைக் கூராக்கும் பழக்கத்தையும் கட்டுரை ரசித்து எழுதியிருந்தது. சில நிறங்களில் காட்மியம், கோபால்ட் சேர்மங்கள் உண்டு. ஈரமான உள்ளங்கையிலோ காகிதத் துண்டிலோ உருட்டினாலே நுனி சேர்ந்துவிடும். வாய் எதற்கு?

பிரைமரைப் பற்றிச் சுருக்கமாக. ரெசின் (வார்ப்புப் பிசின்) உருவமானால் அச்சிலிருந்து பிரிய உதவும் வழுக்குப் பூச்சு அதில் ஒட்டியிருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்து, முழுக்கக் காயவிட்ட பிறகே பிரைமர். இல்லாவிட்டால் பல நாள் வேலை நகம் பட்டவுடன் தோலாக உரிந்துவரும். ஸ்பிரே டப்பாவை ஓரிரு நிமிடம் குலுக்கி, 20 முதல் 30 செ.மீ. தூரத்தில் பிடித்து, உருவத்துக்கு வெளியே அடிக்கத் தொடங்கி, குறுக்கே கடந்து, வெளியேபோய் நிறுத்த வேண்டும். இரண்டு, மூன்று மெல்லிய பூச்சு போதும். மிக அருகில் அடித்தால் கவசத்தின் நுணுக்கங்கள் மூழ்கும். மிகத் தள்ளி அடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து மணல் தூவியதுபோல் ஒட்டும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் ஸ்பிரே வேண்டாம், தூரிகையால் பூசும் பிரைமரே பாதுகாப்பு. வளையும் மென்மையான பி.வி.சி. உருவங்களில் சில ஸ்பிரே பிரைமர்கள் எத்தனை நாளானாலும் பிசுபிசுப்பாகவே நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி கிளேஸிங், அதாவது ஒளி ஊடுருவும் மெல்லிய பூச்சுகளை அடுக்கடுக்காக ஏற்றுவது. புதிதாக ஒரே ஒரு உத்திதான் கற்கப்போகிறீர்கள் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்போம். மற்ற உத்திகளில் நடக்கும் தவறுகளைத் திருத்துவதும் இதுதான். அக்ரிலிக் பெயின்ட் 1 துளி, தண்ணீரும் மேட் மீடியமும் (நிறமி சேராத பெயின்ட் பசை) சரிபாதி கலந்த நீர்மம் 5 முதல் 8 துளி. வெறும் தண்ணீரை மட்டும் கூட்டிக்கொண்டே போனால் நிறமியைப் பிடித்து வைக்கும் பசை நீர்த்துவிடும். பூச்சு வழவழப்பான இடத்தில் முத்து முத்தாக உருளும், காய்ந்தபின் தேய்த்தால் போய்விடும். மீடியம் எதற்கு என்ற கேள்விக்கு இதுவே பதில். பதம் சரியா என்று பார்க்க, கையிலிருக்கும் இந்த நாளிதழின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். அச்செழுத்து சிரமமில்லாமல் படிக்க வர வேண்டும். எழுத்து மங்கினால் அது கிளேஸ் இல்லை, நீர்த்த பேஸ் கோட் (முதல் முழுப்பூச்சு).

ஒரு மந்திரவாதியின் நீல மேலங்கியை எடுத்துக்கொள்வோம். இடைநிலை நீலம் முழுக்கப் பூசிக் காய்ந்திருக்கிறது. அடர் நீல கிளேஸில் தூரிகையை நனைத்து, மடித்த காகிதத் துண்டில் வயிற்றுப் பகுதியை ஓரிரு விநாடி ஒற்றுங்கள். எல்லோரும் விட்டுவிடும் படி இதுதான். ஒற்றாத தூரிகை மடிப்பில் குளம் கட்டும். பிறகு மடிப்பின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் தூரிகையை வைத்து, பள்ளத்தை நோக்கி இழுத்து, அங்கே தூக்குங்கள். தூரிகை எங்கே பரப்பை விட்டுக் கிளம்புகிறதோ அங்கேதான் நிறமி அதிகமாகத் தங்கும். ஆகவே நிழலுக்குப் பள்ளத்தில் முடியும்படி, ஒளிக்கு மேட்டில் முடியும்படி இழுப்பு அமைய வேண்டும். திசை தலைகீழானால் பள்ளம் வெளுத்து, நடுவில் கறை விழும். ஈரப் பளபளப்பு முழுவதும் போகும்வரை காத்திருங்கள், 3 முதல் 5 நிமிடம். அடுத்த அடுக்கு முந்தையதைவிடக் கொஞ்சம் குறுகிய இடத்தில், பள்ளத்துக்கு இன்னும் நெருங்கி. முதல் இரண்டு அடுக்கில் ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். பொறுமை இழந்து பெயின்ட்டைக் கெட்டியாக்குவது இந்த இடத்தில்தான். ஆறாவது, எட்டாவது அடுக்கில் நிழல் தானாக இறங்கியிருக்கும்.

அரைகுறையாகக் காய்ந்த நிலையில் தொட்டால் மெல்லிய படலம் கிழிந்து, நடுவில் ஓட்டையும் சுற்றிலும் மேடுமாக நிற்கும். உடனே சரிசெய்யப் போகாதீர்கள். நன்றாகக் காயவிட்டு இடைநிலை நீலத்தால் அந்த இடத்தை மூடித் திரும்பத் தொடங்குங்கள். ஓரத்தில் அலைக்கோடு விழுவதற்குக் காரணம் வேறு: குளத்தின் விளிம்பு முதலில் காய்கிறது, உள்ளிருக்கும் நீர் நிறமியை விளிம்புக்கு இழுத்துச் சென்று அங்கேயே விட்டுவிடுகிறது. ஈரமாக இருக்கும்போதே சுத்தமான ஈரத் தூரிகையால் அந்த விளிம்பைத் தேய்த்துவிட்டால் போயிற்று. காய்ந்த பிறகு கண்டால், எல்லையின் மேல் இடைநிலை நிறத்தை கிளேஸாக இரண்டு முறை ஓட்டுங்கள்.

இவ்வளவு நேரம் பெயின்ட் காயாமல் இருக்க வெட் பேலட் வேண்டும். மூடியுள்ள தட்டையான டப்பா, அதில் ஈர ஸ்பாஞ்ச், மேலே பேக்கிங்குக்குப் பயன்படும் பார்ச்மென்ட் காகிதம். அவ்வளவுதான். ஸ்பாஞ்ச் நனைந்திருக்க வேண்டும், தண்ணீர் மேலே நிற்கக் கூடாது. மெழுகுத்தாளில் நீர் ஊடுருவாது, ஆகவே அது உதவாது. உலோக நிற பெயின்ட்டை மட்டும் அதில் வைக்காதீர்கள். மினுக்குத் துகள்கள் பிரிந்து பக்கத்து நிறங்களில் போய்ச் சேரும். தூரிகை கழுவும் தண்ணீரும் அதற்குத் தனிக் குவளையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் அடுத்து தீட்டும் முகமெல்லாம் ஜிகினா.

வெட் பிளெண்டிங் பெயரைக் கேட்டுப் பயப்படும் அளவுக்குக் கடினமில்லை, ஆனால் அவசரக்காரர்களின் உத்தி. இரண்டு நிறங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, காய்வதற்குள் எல்லையில் குறுக்கும் நெடுக்குமாகக் கலக்க வேண்டும். அக்ரிலிக் உங்களுக்குத் தருவது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. தூரிகை லேசாக இழுபடுவது தெரிந்ததும் நிறுத்திவிடுங்கள். இன்னொரு தடவை தேய்த்தால் அடிப்பூச்சு உருண்டு வரும். காயும் வேகத்தைக் குறைக்க ரிடார்டர் சேர்க்கலாம், ஆனால் டப்பாவில் அச்சிட்ட அளவைத் தாண்டினால் பரப்பு நெடுநேரம் பிசுபிசுக்கும். மிச்ச அழுக்கை கிளேஸ் பார்த்துக்கொள்ளும்.

பெயின்ட்டைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட தூரிகையால் மேடுகளை மட்டும் வருடும் டிரை பிரஷ்ஷைப் புதியவர்களின் விளையாட்டு என்று கட்டுரை ஒதுக்கியது சரியில்லை. ரோமம், செதில், சங்கிலிக் கவசம், பாறை ஆகியவற்றுக்கு இதைவிட விரைவான வழி கிடையாது. முகப்பூச்சுக்கு விற்கும் குவிந்த மென்மையான தூரிகையே இதற்குச் சிறந்தது. முழுக்க உலர்ந்த தூரிகையில், உலர்ந்துகொண்டிருக்கும் பெயின்ட்டைத் தேய்த்தால் சுண்ணாம்புத் தூள் பூசியதுபோல் ஆகும். தூரிகையை ஈர ஸ்பாஞ்சில் ஒரு தட்டு தட்டி, சிறிது பெயின்ட் எடுத்து, சொரசொரப்பான அட்டையில் தேய்த்துப் பாருங்கள். மேடுகள் மட்டும் நிறம் வாங்க வேண்டும். செதிலின் வரிசைக்குக் குறுக்காக, எடையில்லாமல் வீச வேண்டும். கடைசி ஒளிக்கு வெள்ளைக்குப் பதில் யானைத் தந்த நிறம் எடுத்தால் சுண்ணாம்புத் தோற்றம் பாதி குறையும்.

இதையே பிரைமர் நிலையில் செய்தால் இன்னொரு கதவு திறக்கும். உருவம் முழுக்கக் கறுப்பு, மேலே 45 பாகைச் சாய்வில் சாம்பல், உச்சியிலிருந்து வெள்ளை. ஸ்பிரேயாலும் செய்யலாம், டிரை பிரஷ்ஷாலும் செய்யலாம். நிழலும் ஒளியும் அடியிலேயே வரைந்தாயிற்று. அதன்மேல் ஒளி ஊடுருவும் ஒற்றைப்பூச்சு பெயின்ட்டை ஓடவிட்டால் பள்ளத்தில் அடர்ந்து மேட்டில் வெளிரும். 2019-இல் கேம்ஸ் ஒர்க்‌ஷாப் நிறுவனத்தின் கான்ட்ராஸ்ட் வரிசை வந்தபின் இந்த முறை பரவலாயிற்று. ரோமத்திலும் துணி மடிப்பிலும் இது அற்புதம். ஆனால் அகலமான கேடயத்திலும் வழவழப்பான தோள் கவசத்திலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும், அதில் மாயம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு பகுதியை மட்டும் முடித்து, குளம் கட்டிய இடத்தைக் காய்வதற்குள் ஈரத் தூரிகையால் உறிஞ்சிவிடுங்கள். நீர்க்கச் செய்ய அதற்கென்றே உள்ள மீடியம்தான் நல்லது. இந்த வகைப் பெயின்ட்டுகளில் சில, காய்ந்த பிறகும் ஈரம் பட்டால் மறுபடி கரையும். கரண்டியில் பூசி ஒரு நாள் கழித்து ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள். நிறம் வந்தால், மேற்கொண்டு வேலைக்கு முன் ஒரு பூச்சு வார்னிஷ் அவசியம்.

உலோக நிறமே இல்லாமல் உலோகம் தீட்டுவதுபற்றிக் கட்டுரையில் ஒரு படம் மட்டும் இருந்தது. அதைப் பார்த்து மயங்கியவர்களுக்காக ஒரு வாளை முழுதாகச் சொல்கிறோம். நடுவில் முதுகுக்கோடு ஓடும் வாளுக்கு மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு தளங்கள். நீலம் கலந்த கறுப்பு, அடர் சாம்பல், இடைச் சாம்பல், வெளிர் சாம்பல், வெள்ளை என்று ஐந்து நிறங்களைப் பேலட்டில் தயாராக வையுங்கள். மேல் தளத்தில் பிடியருகே கறுப்பில் தொடங்கி நுனியில் வெள்ளைக்கு ஏறுங்கள். கீழ் தளத்தில் தலைகீழ், பிடியருகே வெள்ளை, நுனியில் கறுப்பு. முதுகுக்கோட்டின் இருபுறமும் ஒளியும் இருளும் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். உலோகம் என்று கண்ணை நம்பவைப்பது அந்த முட்டல்தான். புதியவர்கள் பயந்து சாம்பலோடு நிறுத்திவிடுவார்கள். அப்போது வாள் கல்லாகிவிடும். வெள்ளையை அள்ளி விட்டாலும் கெடும்: தூய வெள்ளை மிகச் சிறிய இடத்தில் மட்டுமே. இறுதியில் தூரிகை நுனியின் பக்கவாட்டை வாளின் விளிம்பில் சாய்த்து, ஒரே இழுப்பில் வெளிர் கோடு. நுனியால் கோடு போட முயன்றால் கை நடுக்கம் அப்படியே பதியும், பக்கவாட்டில் விளிம்பே உங்களுக்கு அளவுகோல். முடிவில் பளபளப்பில்லாத மேட் வார்னிஷ்தான். பளபளப்பு வார்னிஷ் அடித்தால் அறை விளக்கின் நிஜ ஒளி, நீங்கள் வரைந்த ஒளியோடு சண்டையிடும். ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இந்த வித்தை ஒரு கோணத்திலிருந்து பார்க்கத்தான் பொருந்தும். மேசையில் எல்லாப் பக்கமும் திரும்பும் படைவீரனுக்கு உலோகப் பெயின்ட்டே லாபம்.

தீப்பந்தத்தின் ஒளி முகத்தில் விழுவதுபோல் தீட்டுவதில் நடக்கும் பிழை ஒன்றே ஒன்று. பந்தத்தைச் சுற்றி ஆரஞ்சு நிறத்தை அப்பிவிடுவார்கள். பார்ப்பவருக்கு அது ஆரஞ்சு சாயம் கொட்டிய சட்டையாகத்தான் தெரியும். ஒளி தெரிய வேண்டுமானால் முதலில் மற்ற இடமெல்லாம் இருட்ட வேண்டும். உருவத்தின் மிக வெளிச்சமான இடம் சுடராகவே இருக்க வேண்டும், முகம் அதை மிஞ்சக் கூடாது. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும், ஆகவே முகவாய்க்கும் இடுப்புக்கும் ஒரே பிரகாசம் கொடுத்தால் பொய் தெரிந்துவிடும். எந்தெந்த இடத்தில் ஒளி விழும் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சுடர் இருக்கும் இடத்திலிருந்து பார்ப்பதுபோல் உருவத்தைக் கண்ணருகே பிடியுங்கள். அங்கிருந்து கண்ணுக்குத் தெரியும் பரப்பில் மட்டுமே ஒளி படும், மூக்குக்கு அந்தப் பக்கம் இருட்டு. அந்த இடங்களை யானைத் தந்த நிறத்தால் மெல்லக் குறித்து, சுடரருகே மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, கடைசியில் சிவப்பு என்று கிளேஸ் ஓட்டுங்கள்.

நீர்த்த எண்ணெய்ப் பெயின்ட்டைப் பள்ளங்களில் ஓடவிடும் ஆயில் வாஷ் விஷயத்தில் மட்டும் கட்டுரையின் வார்த்தை ஆபத்தானது. 'அக்ரிலிக் காய்ந்ததும் அப்படியே பூசலாம்' என்று எழுதியிருந்தீர்கள். அக்ரிலிக் வேலைமேல் பளபளப்பு அல்லது சாட்டின் (அரைப் பளபளப்பு) வார்னிஷ் அடித்து, 24 மணி நேரம் விட வேண்டும். மேட் பரப்பின் சொரசொரப்பில் எண்ணெய்ப் பெயின்ட் சிக்கிக்கொண்டால் எவ்வளவு துடைத்தாலும் கறை போகாது. குழாயிலிருந்து எடுத்த எண்ணெய்ப் பெயின்ட்டை அரை மணி நேரம் அட்டையில் வைத்தால் மிகுதி எண்ணெயை அட்டை உறிஞ்சிவிடும், காய்ந்தபின் பளபளப்பு குறையும். எண்ணெய்ப் பெயின்ட்டை நீர்க்கச் செய்யும், மணம் குறைந்த மினரல் ஸ்பிரிட் 5 முதல் 10 பங்கு சேர்த்துப் பள்ளங்களில் ஓடவிட்டு, 15 முதல் 30 நிமிடம் கழித்து, முகப்பூச்சு ஸ்பாஞ்சாலோ பஞ்சுக் குச்சியாலோ மேலிருந்து கீழாகத் துடையுங்கள். ஸ்பாஞ்ச் ஸ்பிரிட்டில் சொட்டச் சொட்ட இருந்தால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும். எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. எனவே மேட் வார்னிஷுக்கு முன் ஓரிரு நாளாவது விடுங்கள், கெட்டியாக நின்ற இடமிருந்தால் இன்னும் கூடுதலாக.

அந்த இறுகும் வினை வெப்பத்தையும் வெளியிடுகிறது. எண்ணெய்ப் பெயின்ட்டில் உள்ள ஆளி விதை எண்ணெய் பட்ட துணிகளைச் சுருட்டிக் குப்பையில் போட்டால், உள்ளே சூடு சேர்ந்து, யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கக்கூடும். துணியை விரித்துத் திறந்த வெளியில் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் ஊற்றி மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும். இந்த ஒரு திருத்தத்தையாவது அடுத்த இதழிலேயே வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம். மற்ற தவறுகளில் போவது ஒரு பொம்மை.

எல்லாம் கெட்டுவிட்டால் பெயின்ட்டை உரித்துவிடலாம். கெட்டியான பிளாஸ்டிக் உருவங்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சில மணி நேரம் ஊறவைத்துப் பல் துலக்கியால் தேய்த்தால் போகும். ரெசினில் இது சில நேரம் உருவத்தையே மென்மையாக்கும், கண்ணில் படாத ஒரு துண்டில் சோதித்த பிறகே முழு உருவத்தை இறக்குங்கள். அசிட்டோன் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும்.

ஒரு வேண்டுகோள். கட்டுரையில் அச்சிட்ட ஐந்து படங்களும் முடிந்த உருவங்களின் படங்கள். பாதி வேலையில் எந்த மினியேச்சரும் அசிங்கமாகத்தான் இருக்கும். மூன்றாவது கிளேஸில் மேலங்கி கறைபிடித்துத் தெரியும், ஒளிக்கோடு விழும்வரை வாள் வெறும் சாம்பல் பட்டை. அடுத்த முறை முடிந்த உருவத்துக்குப் பக்கத்திலேயே அந்த நிலையின் படத்தையும் போட்டு, அப்போது பேலட்டில் இருந்த கலவையின் அளவைக் கீழே ஒரு வரியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
மினியேச்சர் வண்ணப் பணியில் ஈடுபட்டுள்ள வாசகர்கள் சிலர்